அறுபதடி எண்ணெய்

அடைக்கலமேரியைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனாலும் நடந்ததை முழுதாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வேறு யாராவது எழுதினால் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டிவிடுவார்கள். அதற்கு இடம் கொடுக்க விருப்பமில்லாமல்தான் நானே உட்கார்ந்தேன்.

என் பெயர் கருத்தையா. அறுபத்து நாலாம் வருஷம் காரைக்குடிக்குக் கிழக்கே பொட்டல்காட்டில் எண்ணெய் தேடித் துளை போட ஒரு கம்பெனி வந்தது. அதில் நான் ஸ்டோர் கிளார்க். ஆகாயத்துக்கு எழும்பி நின்ற இரும்புக் கோபுரத்தைப் பார்க்கச் சனங்கள் சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். தண்ணீருக்குத்தான் துளை போடுகிறார்கள் என்று பலர் நினைத்தார்கள். எண்ணெய்க்கு என்று சொன்னால், "நல்லெண்ணெயா, கடலை எண்ணெயா?" என்று கேட்டுவிட்டு நமுட்டாகச் சிரித்தார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டோம்.

அந்த எண்ணெய்க் கிணற்றுக்கு ஜியாலஜிஸ்டாக வந்தவர் முத்துராமன். இருபத்தேழு வயது. நாச்சியாபுரம் பக்கம் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. மதராஸில் படித்துவிட்டு, ஏழெட்டு வடக்கத்தி அதிகாரிகளுக்கு நடுவில் தனியாளாக நின்றார். எத்தனை ஆழத்தில் என்ன பாறை, அதில் எண்ணெய் உண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. சொல்லவேண்டிய பாறையோ ஒரு மைலுக்குக் கீழே கிடந்தது.

அதைக் கண்ணால் பார்க்க வழி ஒன்றுதான். குழாய்க்குள் சேற்றுக் குழம்பை இறக்குவார்கள். அது அடியில் போய், பிட் என்கிற துளைப்பல் அரைத்துப் போட்ட கல் துகள்களை வாரிக்கொண்டு குழாயின் வெளிப்புறமாக மேலே ஏறி வரும். வந்து சேர ஒன்றே முக்கால் மணி நேரம். மேலே ஒரு பெரிய சல்லடை ஆடிக்கொண்டே இருக்கும். குழம்பு கீழே இறங்கிவிடும், துகள் தங்கும். அந்தத் துகளை ஐந்தடிக்கு ஒரு தரம் வாளியில் எடுத்து, நம்பர் போட்டு, சேறு போகக் கழுவிக் காயவைத்துத் துணிப்பையில் கட்டவேண்டும். கழுவுவதற்கு முதலில் வைத்த ஆட்கள் சேற்றோடு பாதித் துகளையும் கொட்டினார்கள். முத்துராமன் தலையில் அடித்துக்கொண்டார். அப்போது கேம்ப் சமையல்காரர் கூட்டிக்கொண்டு வந்தவள்தான் மேரி.

அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது இருக்கும். புருஷன் கிணறு வெட்டப் போன இடத்தில் வெடி நேரத்துக்கு முன்னே வெடித்துச் செத்துப்போனவன். நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டின் சமையல்கட்டில் எட்டு வருஷம் வேலை பார்த்திருந்தாள். விசேஷம் வந்தால் மூட்டை மூட்டையாக அரிசி புடைத்துக் கல் பொறுக்கியவள். இங்கே அதே வேலைதான், தலைகீழாக. கல்லை வைத்துக்கொண்டு மற்றதைக் கொட்டவேண்டும். இரண்டே நாளில் கை பழகிவிட்டது. ராத்திரி ஷிப்டில் எடுத்த துகளைக்கூடக் கழுவாமல் வாளியிலேயே வைத்திருந்து, காலையில் அவளிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார் முத்துராமன். அந்தக் கிணற்றிலிருந்து வந்த ஒவ்வொரு கல்லும் அவள் கையைத் தாண்டித்தான் பைக்குள் போனது.

அவளுக்கு ஒரே மகள், வியாகுலம்மாள். பதினோரு வயது. கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளி விடுதியில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். மேரி கூலி வேலைக்கு வந்ததே அதற்காகத்தான். "எம்மக டீச்சராகணும் சார்" என்று என்னிடம் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான், "ஆகட்டும், ஆகட்டும்" என்று பேரேட்டைப் பார்த்தபடியே தலையாட்டினேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் துளை ஒரு களிமண் படிவத்துக்குள் இறங்கியது. பிசின் மாதிரி ஒட்டுகிற மண். கழுவினால் போகாது, சல்லடைக் கண்ணை அடைத்துக்கொள்ளும், விரலிடுக்கில் அப்பிக்கொண்டு கிடக்கும். மேரி ஒரு நாள் பார்த்தாள், இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தாள்.

"கொஞ்சம் எண்ணெய் இருந்தாத் தாங்க சார். கையில தடவிக்கிறேன்."

"எதுக்கு?"

"பலாப்பழம் அரியும்போது தடவிக்கிறதில்லையா. இந்த மண்ணும் அந்தப் பால் கெணக்காத்தான் ஒட்டுது."

எனக்கு அது புத்திசாலித்தனமாகப் பட்டது. எழுதி வாங்காமல் ஸ்டோரிலிருந்து ஒரு ஆணிகூடக் கொடுக்கக் கூடாது என்பது விதி. கூலிக்காரிக்கு யார் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள்? மூலையில் இருந்த டிரம்மைத் திறந்து, காலி மை பாட்டில் ஒன்றில் மெஷின் எண்ணெயை ஊற்றிக் கொடுத்தேன். பெரிய தர்மவான் என்ற நினைப்பு எனக்கு.

களிமண் முடிந்து மணற்பாறை வந்தது. அவள் எண்ணெய் தடவுவதை விடவில்லை. மருந்து கலந்த சேற்றில் கிடந்து கிடந்து கை வெடித்திருந்தது. எண்ணெய் பட்டால் எரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

எண்ணெய் இருந்தால் மணற்பாறையில்தான் இருக்கும் என்பதால், மணல் வந்ததுமே முத்துராமன் தன் விளக்கை எடுத்தார். அது கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சுகிற விளக்கு. கறுப்புப் பெட்டிக்குள் துகளை வைத்து, மேலே உள்ள துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்க்கவேண்டும். பூமியெண்ணெய் பட்ட கல் நீலமும் வெள்ளையுமாக மினுங்கும், மற்றதெல்லாம் செத்துக் கிடக்கும். முதல் பை மினுங்கியது. அடுத்ததும் மினுங்கியது. எண்ணெயைக் கரைக்கும் திராவகம் ஒன்றில் போட்டுப் பார்த்தார். திராவகமும் நிறம் மாறியது.

அவர் கெட்டிக்காரர், உடனே துள்ளிக் குதித்துவிடவில்லை. கோபுரத்தடியில் எல்லாரையும் கூட்டி வைத்து, "குழம்புல யாராச்சும் டீசல் ஊத்துனீகளா? குழாய்க்கு கிரீஸ் அதிகமாப் போட்டீகளா? உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டார். மெக்கானிக்குகள் இல்லை என்றார்கள். டிரில்லர் இல்லை என்றார். அது உண்மைதான். பத்தடி தள்ளித் தொட்டியில் கை விட்டுக் கழுவிக்கொண்டிருந்த மேரியை ஒருவரும் கேட்கவில்லை. குழம்பில் ஊற்றியதைப் பற்றித்தானே பேச்சு, நமக்கென்ன என்று அவளும் வேலையைப் பார்த்தாள்.

பாறை கடினம். பிட் தேய்ந்து இரண்டு தரம் மாற்றினார்கள். அறுபதடி இறங்க நாலு நாள் ஆயிற்று. பன்னிரண்டு பைகளும் மினுங்கின.

நாலாம் நாள் மத்தியானம் முத்துராமனால் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. மேரியைக் கூப்பிட்டு, "நீ கழுவுன கல்லு, நீயும் பாரு" என்று பெட்டியைக் காட்டினார். அவள் தயங்கிக்கொண்டு போய்க் கண்ணை வைத்தாள். கல் நகர்ந்திருந்ததால் சரியாக வைக்கப் பக்கவாட்டுத் துளை வழியாகக் கையை உள்ளே விட்டாள். கல் மினுங்கியது. அதை நகர்த்திய அவளுடைய விரலும் மினுங்கியது. நகக்கண், வெடிப்பு, ரேகை என்று எண்ணெய் இறங்கிய இடமெல்லாம் கல்லைவிடப் பிரகாசமாக மினுங்கியது.

எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் இது புரிவதற்குப் படிப்பு வேண்டியதில்லை. கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"சார், அது பூமிக்குள்ள இருந்து வந்த எண்ணெய் இல்ல. நீங்க குடுத்தது."

சீட்டு இல்லாமல் கொடுத்த எண்ணெய். வீட்டில் கைக்குழந்தை. வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. "உனக்கென்ன தெரியும், பேசாம இரு" என்றேன். "கீழ நெசமாவே எண்ணெய் இருந்தாலும் இருக்கும். ஒன் கையில ஒட்டுன எண்ணெயா இத்தனை பையும் மினுங்கும்? மூச்சு விடாத."

அன்று சாயந்திரம் அவள் அந்த பாட்டிலைப் புதைத்துவிட்டாள். கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். மறுநாளிலிருந்து வந்த கல் எதுவும் மினுங்கவில்லை. முத்துராமன் அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். எண்ணெய்ப் படிவத்தின் அடிமட்டம் வந்துவிட்டது, கனம் அறுபதடி. நீளமான வரைபடத் தாளில் அந்த அறுபதடியைச் சிவப்புப் பென்சிலால் தீட்டினார். நான் அந்தத் தாளைப் பார்த்தேன். ஒரு பொம்பளை நாலு நாள் கைக்கு எண்ணெய் தடவியதை இத்தனை அழகாக யாரும் வரைந்திருக்க முடியாது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

தந்தி போயிற்று. துளைக்குள் கம்பி இறக்கி மின்சாரத்தால் பாறையை அளந்து பார்த்தார்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பதுபோல ஒரு கோடு வந்தது. முத்துராமன் தன் பைகளை நம்பிச் சோதனை போட்டே ஆகவேண்டும் என்று நின்றார். ஊர் முழுக்கச் செய்தி பரவி, காரைக்குடி டவுன் பஸ்ஸில்கூட இதே பேச்சாக இருந்தது. பக்கத்து நிலங்களின் விலை ஏறியது. நாச்சியாபுரத்திலிருந்து முத்துராமனின் அப்பா புதுத் துண்டு போட்டுக்கொண்டு வந்து, கோபுரத்தடியில் நின்று மகனைப் பார்த்துவிட்டுப் போனார்.

மேரி தினமும் என் ஜன்னலுக்கு வந்து நிற்பாள். நான் தலையைத் தூக்கமாட்டேன்.

தந்தி போன பதினேழாம் நாள் சோதனை. அடைப்பும் வால்வும் வைத்த குழாயை அந்த அறுபதடிக்கு இறக்கித் திறந்துவிட்டார்கள். அங்கே என்ன இருக்கிறதோ அது மேலே வந்துதான் ஆகவேண்டும். வந்தது. நாள் முழுக்க வந்தது. உப்புத் தண்ணீர்.

ஒரு வாரத்தில் வடக்கிலிருந்து விசாரணைக்கு அதிகாரி வந்தார். பெயர் வாங்குவதற்காக முத்துராமனே பைகளில் எண்ணெய் தெளித்துவிட்டார் என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். அவரை டென்ட்டில் உட்காரவைத்து இரண்டு நாள் கேள்வி கேட்டார்கள். சாப்பிடாமல், சவரம் செய்யாமல், ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேரி அன்று ஜன்னலுக்கு வரவில்லை. ஸ்டோருக்கு உள்ளேயே வந்துவிட்டாள்.

"அந்தப் புள்ளை மேல பழி விழுது சார். நான் போய்ச் சொல்லப் போறேன்."

"எம்பேரச் சொல்லுவியா?"

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "நீயா எடுத்துக்கிட்டதாச் சொல்லிரு மேரி. ஒன்னை நிப்பாட்டுவாக, அவ்வளவுதான். ரெண்டே மாசம். நான் உள்ள இருந்தாத்தானே ஒன்னைத் திரும்பச் சேத்துவிட முடியும்? ரெண்டு பேருமாப் போயிட்டா ஒம்மக படிப்ப யாரு பாக்குறது?"

"சேத்துவிடுவீகளா?"

"கொப்புடையாத்தா சத்தியமாச் சேத்துவிடுறேன்."

அவள் என்னை நம்பினாளா, அல்லது நம்புவதைத் தவிர வேறு வழியில்லை என்று நினைத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போய்ச் சொன்னாள். என்ன எண்ணெய் என்று கேட்டார்கள், மெஷின் எண்ணெய் என்றாள். எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள். "ஸ்டோர்ல ஆள் இல்லாதப்ப எடுத்தேன்" என்றாள். கையில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிப் புது மணலைக் கழுவச் சொல்லி, விளக்கில் காட்டினார்கள். மினுங்கியது. முத்துராமன் தப்பினார்.

அவளை நிறுத்திய காகிதத்தை டைப் அடித்தவன் நான். ஸ்டோரிலிருந்து எண்ணெய் களவு என்று இங்கிலீஷில், மூன்று நகல். சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து. அவள் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதிவிட்டு, பேனாவை மூடி என்னிடம் கொடுத்தாள்.

களவு என்ற சொல் அவளுக்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. நேமத்தான்பட்டிப் பெரிய வீட்டு ஆச்சி அவளைத் திட்டவில்லை. "சமையக்கட்டுல எண்ணெயும் நெய்யும் தொறந்து கெடக்கும் மேரி, நீயே யோசிச்சுக்க" என்று மட்டும் சொல்லிக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். வேறு எந்த வீட்டிலும் சேர்க்கவில்லை. அரைப் பரீட்சையோடு வியாகுலம்மாளை விடுதியிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இதெல்லாம் கேம்ப் சமையல்காரர் சொல்லி எனக்குத் தெரியும். கிணற்றில் ஒன்றுமில்லை என்று மூடினார்கள். மூன்றாம் மாதம் கோபுரத்தைப் பிரித்து வடக்கே கொண்டுபோனார்கள். நானும் நிரந்தரமாகிக் கூடவே போனேன். சத்தியத்தைப் பற்றி வழியில் ஒரு தரம்கூட நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். நினைத்தேன், போய்க்கொண்டும் இருந்தேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, எழுபத்தாறில், கடலுக்குள் துளை போடும் வேலைக்காகத் தொண்டிப் பக்கம் கடற்கரையில் ஒரு கேம்ப் வைத்தார்கள். நான் அங்கே ஸ்டோர் ஆபீசர். கரையிலிருந்து பார்த்தால் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மேடை சின்னதாகத் தெரியும். அதில் பெரிய ஜியாலஜிஸ்ட் முத்துராமன். மேடையிலிருந்து வந்த முதல் காகிதத்திலேயே இரண்டு பெட்டி சோப்பு கேட்டிருந்தார். துகள் கழுவுகிறவர்கள் ஒவ்வொரு ஷிப்டிலும் சோப்புப் போட்டுக் கை கழுவி, கையை விளக்கின் கீழ் காட்டிய பிறகே வாளியைத் தொடவேண்டும் என்று விதி போட்டிருந்தார். எதனால் இந்த விதி என்று என் உதவியாளர் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதமே, பழைய கேம்ப் சமையல்காரரிடம் நான் இருக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு மேரி வந்தாள். கேட்டில் யாரோ ஒரு அம்மா நிற்பதாக வாட்ச்மேன் சொன்னான். போய்ப் பார்த்தால் அவள். முடி முக்கால்வாசி நரைத்திருந்தது. நான் சேரில் உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"மகளுக்கு மாப்பிள்ள பேசியிருக்கு சார். பையன் லாரி ஆபீசுல வேலை பாக்குறான். அவுக அப்பா சின்னராஜ், வாத்தியாரு. எல்லாம் பேசி முடிச்சப்பறம் யாரோ போய், ஆத்தாகாரி திருடின்னு சொல்லிட்டாக. அவரு வந்து எங்கிட்டக் கேட்டாரு. நான் எடுக்கலன்னு சொன்னேன். நம்புற மாதிரி தெரியல."

"கம்பெனி முத்திரை போட்டு ஒரு லெட்டர் தர்றேன். நீ களவு எடுக்கலைன்னு எழுதித் தர்றேன்."

"காகிதம் வேணாம். எம்மேல பழி விழுந்ததே காகிதத்துலதான். நீங்க வந்து ஒங்க வாயால சொல்லணும். ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சதும், எங்க ஊரு மாதாகோயில் வாசல்ல."

எனக்கு அப்போது பிரமோஷன் வரவேண்டியிருந்தது. அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். "வாரேன்" என்றேன். "நீ இங்கயே வேலைக்குச் சேந்துக்கறியா? நான் சொன்னாச் சேத்துக்குவாக" என்றும் கேட்டேன். அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அவள் ஊர் நாச்சியாபுரத்துக்கு அங்குட்டு, நாற்பது வீடுகளும் ஒரு ஓட்டுக் கோயிலும் உள்ள கிராமம். பூசை முடிந்து சனங்கள் வாசலில் நின்றார்கள். மேரியும் வியாகுலம்மாளும் ஓரமாக நின்றார்கள். அந்தப் பெண் ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் அச்சுப் பட்டறையில் வேலை பார்க்கிறாளாம். சிமென்ட் தின்ற கை, அம்மாவின் கை மாதிரியே வெடித்திருந்தது. அதைப் பார்த்தபிறகு நான் தயார் செய்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று.

"இந்தம்மா எண்ணெயைத் திருடல" என்று சின்னராஜ் வாத்தியாரிடம் சொன்னேன். "கேட்டாக, நான் குடுத்தேன். நாந்தான் என்னைக் காப்பாத்தச் சொல்லிக் களவுன்னு சொல்ல வச்சேன். திரும்ப வேலைக்குச் சேத்துவிடுறேன்னு சத்தியம் பண்ணினேன். செய்யல."

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். சின்னராஜ் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"பயம்."

"என்ன பயம்?"

"என் வேலை போயிரும்னு."

"அவுக வேலை போச்சே."

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. மேரியின் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கங்க சம்பந்தியம்மா. நான் கேட்டுருக்கக் கூடாது. தை மாசமே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிருவோம்" என்றார். மேரி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்று ஒரு தரம்தான். மகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பஸ் நிற்குமிடம்வரை மேரி கூட வந்தாள். மரியாதைக்குத்தான் வந்தாள் என்று தெரிந்தும், கோயில் வாசலில் உண்மையைச் சொல்லிவிட்ட தைரியம் எனக்குக் கொஞ்சம் வந்திருந்தது. ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டவன் மாதிரி கேட்டேன்.

"கல்யாணத்துக்கு நானும் வரட்டுமா மேரி? புள்ளைக்கு எதாச்சும் செய்யணும்னு இருக்கு."

"வேணாம் சார்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நீங்க வந்தா சனங்க இந்தக் கதையத்தான் பேசுவாக. அன்னைக்கு ஒரு நாளாச்சும் எம்மகளப் பத்திப் பேசட்டும்."

தேவகோட்டை பஸ் வந்தது. நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் பாதித் தூரம் போய்விட்டிருந்தாள்.